பந்து நோம்பி நடக்கும் நாட்டில் குடியிருப்பது எப்படி? ஜெர்மனி போகும் கொங்குப் பிள்ளைகளுக்கு

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கமிருந்து ஜெர்மனிக்கு மேற்படிப்புக்கோ வேலைக்கோ கிளம்புகிறவர்கள் கேள்விப் பட்டியலோடு வருவார்கள். குக்கர் எடுத்துப் போகலாமா, ஜாக்கெட்டை இங்கே வாங்குவதா அங்கே வாங்குவதா, வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும். கால்பந்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்டதில்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடுவரை, அந்த நாட்டின் ரயில், கடை, அலுவலகம், பக்கத்து வீடு எல்லாம் பந்து உருளும் பக்கமே உருளும். ஒருமுறை ஐரோப்பியக் கோப்பை, அடுத்த முறை உலகக் கோப்பை. 2006 உலகக் கோப்பையும் 2024 ஐரோப்பியக் கோப்பையும் ஜெர்மனி மண்ணிலேயே நடந்தன. வேறு நாட்டில் நடந்தாலும் கூத்து பாதிக்கு மேல் குறையாது.

நம் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டிக் கம்பம் நட்டாகிவிட்டது என்று வையுங்கள். அந்த ஊரில் வாடகைக்கு இருப்பவர் சாமி கும்பிடுகிறவரோ இல்லையோ, தேர் எந்த வீதியில் எத்தனை மணிக்குத் திரும்பும் என்று தெரிந்து வைத்திருப்பார். பூவோடு எடுக்கும் அன்று வண்டியை வேறு சந்தில் நிறுத்துவார். யாராவது கூப்பிட்டால் போய்ப் பொங்கல் வாங்கிக்கொள்வார். ஜெர்மனியில் அந்த ஒரு மாதத்தைக் கழிக்க வேண்டிய முறையும் அதுதான். கால்பந்து பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, நாள் நேரம் தெரிந்திருந்தால் போதும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருஷம் முழுக்கப் படிக்கட்டில் ஒரு வணக்கத்தோடு கதவைச் சாத்திக்கொள்ளும் ஆட்கள் தாமாக வந்து பேசும் மாதம் அதுதான். புதிதாகப் போனவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு அமையாது.

முதல் வேலை: அட்டவணை

போட்டி அட்டவணை மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும். அதில் ஜெர்மனி ஆடும் நாட்களை மட்டும் கைபேசி நாட்காட்டியில் ஏற்றுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு அணிக்கும் மூன்று ஆட்டம் நிச்சயம். அதற்குப் பிறகு தோற்றால் வெளியே, ஆகவே அந்தத் தேதிகளைப் பென்சிலில் எழுதுவதுபோல வைத்துக்கொள்ளுங்கள். 2024இல் ஆட்டங்கள் அங்குள்ள நேரப்படி பகல் 3, மாலை 6, இரவு 9 மணிக்குத் தொடங்கின. கோடையில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம், அதனால் கோவையில் அது மாலை 6.30, இரவு 9.30, நள்ளிரவு 12.30.

ஆட்டம் தொண்ணூறு நிமிடம், இடைவேளை கால் மணி. நாக் அவுட்டில் சமன் என்றால் இன்னும் அரை மணி, அப்புறம் பெனால்டி. ஒன்பது மணி ஆட்டம் நள்ளிரவைத் தொட்டுவிடும். வீட்டுக்குப் போன் பேசும் நேரத்தையும் இதைப் பார்த்தே வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த இரவில் வீதியெல்லாம் கார் ஹாரன், சத்தம், வெடி. அந்த நேரத்தில் நீங்கள் பொள்ளாச்சிக்கு வீடியோ கால் போட்டால், "என்ன கண்ணு சத்தம், அங்க ஏதாச்சும் கலவரமா?" என்று அம்மா பதறிப்போவார். அதற்கப்புறம் அப்பா தூங்க மாட்டார், மாமாவும் எழுந்துவிடுவார்.

ஒரு விஷயம் மாணவர்களுக்கு. கோடைப் பருவத் தேர்வுகள் பல பல்கலைக்கழகங்களில் ஜூலை நடுவில்தான் தொடங்கும். போட்டி முடிவதும் அப்போதுதான். ஜெர்மனி ஆடும் மாலைகளில் நூலகம் காலியாகக் கிடக்கும். பந்தில் மனசில்லாதவர்களுக்கு அது பொன்னான நேரம்.

போட்டி நாளில் கடையும் ரயிலும்

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட் திறக்காது. போனவுடன் எல்லோரும் ஒரு வாரமாவது இதில் மாட்டுவார்கள். ஜெர்மனியின் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சனிக்கிழமை மாலை கடையில் கரி மூட்டை, பீர்ப் பெட்டி, ரொட்டி, உருளைக்கிழங்கு சாலட் எல்லாம் அலமாரியிலிருந்து பறந்துவிடும். வேலை நாளில் ஆட்டம் என்றால் தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் கடைக்குள் கால் வைக்காதீர்கள். மாறாக, ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துப் போய்ப் பாருங்கள். வரிசையே இருக்காது, காசாளர் கைபேசியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பில் போடுவார். பவேரியா மாநிலத்தில் மட்டும் வழக்கமான கடை நேரம் இரவு 8 மணியோடு முடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ரயில் விஷயம் கொஞ்சம் சிக்கல். 2024இல் பெர்லின், மியூனிக், டோர்ட்முண்ட், கெல்சன்கிர்ஷன், கொலோன், டூசல்டார்ஃப், ஹாம்பர்க், ஃபிராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட், லைப்சிக் என்று பத்து ஊர்களில் ஆட்டம் நடந்தது. இதில் நான்கு ஊர்கள் ரைன், ரூர் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில். கெல்சன்கிர்ஷனில் இங்கிலாந்து, செர்பியா ஆட்டத்துக்கு வந்தவர்கள் டிராமுக்குக் காத்துக் களைத்துப்போன கதை உலகச் செய்தியானது. போட்டியை நடத்திய குழுவின் தலைவர் பிலிப் லாம், 2014இல் உலகக் கோப்பையைத் தூக்கிய கேப்டன், அவரே ரயில் தாமதத்தால் டூசல்டார்ஃப் ஆட்டத்தின் தொடக்கத்தைத் தவறவிட்டார். ஜெர்மனி ரயில் நிமிடம் பிசகாது என்று ஊரில் யாராவது சொன்னால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: நேர்முகத் தேர்வு, விசா அலுவலகச் சந்திப்பு, விமானம் இவை எதையும் உங்கள் ஊரில் ஆட்டம் நடக்கும் நாளில் வைக்காதீர்கள். வைத்தே ஆகவேண்டும் என்றால் அட்டவணையில் காட்டுவதற்கு இரண்டு ரயில் முந்தியதைப் பிடியுங்கள். டாய்ச்லாண்ட் டிக்கெட், அதாவது 2026 தொடக்கத்திலிருந்து மாதம் 63 யூரோவுக்கு நாடு முழுக்கச் செல்லும் சந்தா, உள்ளூர் மற்றும் வட்டார ரயில், பஸ், டிராமுக்கு மட்டும்தான். ஐசிஇ போன்ற அதிவேக ரயிலில் அது செல்லாது. கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டேன் என்று பரிசோதகரிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை.

பக்கத்து நாட்டுக்கு ஆட்டம் பார்க்கவோ சுற்றவோ போனால் பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். ஷெங்கன், அதாவது எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள், என்று நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள். 2024 போட்டிச் சமயத்தில் எல்லா எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை போட்டார்கள்.

டிவிக்கு ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டது

ஊரில் முகவரியைப் பதிந்த சில வாரத்தில் ஒரு கடிதம் வரும்: ஒலிபரப்புக் கட்டணம், 2021 ஆகஸ்ட் முதல் மாதம் 18.36 யூரோ. டிவியே இல்லை என்றாலும் கட்ட வேண்டும். ஆளுக்கு இல்லை, வீட்டுக்கு. நான்கு பேர் சேர்ந்து குடியிருந்தால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு கொடுத்தால் போதும். நான்கு பேரும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்த வீடுகளையும் பார்த்திருக்கிறேன். இந்தக் காசில் ஓடும் ஏஆர்டி, இசட்டிஎஃப் என்ற இரண்டு பொதுத் தொலைக்காட்சிகள்தாம் பெரும்பாலும் ஜெர்மனி ஆட்டங்களைக் காட்டும். ஜெர்மனி ஆடும் ஆட்டம், தொடக்க ஆட்டம், அரையிறுதி, இறுதி ஆகியவை இலவச ஒளிபரப்பில் வந்தே தீர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆகவே சந்தா கட்டச் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள். பெல்ஜியம், ருமேனியா ஆட்டத்தைக்கூட விடமாட்டேன் என்பவர்களுக்கு மட்டும்தான் அது.

ஜெர்மன் வர்ணனையோடு பாருங்கள். ஆங்கிலத்துக்கு மாற்றாதீர்கள். முன்னால், பின்னால், இடது, வலது, சீக்கிரம், பிந்திவிட்டது, கொடுத்துவிட்டான், எண்கள், ஊர்ப் பெயர்கள், இதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும், கண்ணெதிரே படமும் ஓடும். ஏ2 என்ற தொடக்க நிலை ஜெர்மன் வகுப்பில் ஒரு மாதம் தலைகீழாக நின்றாலும் காதுக்கு இவ்வளவு பழக்கம் கிடைக்காது.

கைபேசியில் இணையம் வழியாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆன்டெனாவிலோ சாட்டிலைட்டிலோ வரும் படத்தைவிட ஸ்ட்ரீமிங் அரை நிமிடம்வரைகூடப் பிந்தும். 2024 ஜூன் 23, ஞாயிறு இரவு, சுவிட்சர்லாந்து 1, ஜெர்மனி 0. தொண்ணூறு நிமிடம் முடிந்துவிட்டது. நாங்கள் மூன்று தமிழ்ப் பிள்ளைகளோடு சமையலறையில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தில் பந்து இன்னும் நடுக்கோட்டுப் பக்கம் கிடக்கிறது, எதிர்க்கட்டடம் முழுக்க ஒரே அலறல், மேல்மாடியில் நாற்காலி விழும் சத்தம், யாரோ பாத்திரத்தைத் தட்டுகிறார்கள். கோல் என்று தெரிந்துவிட்டது, யார் போட்டது என்று தெரியவில்லை. அப்புறம்தான் எங்கள் திரையில் ஜெர்மனியின் டேவிட் ரௌம் இடது பக்கமிருந்து தூக்கிப் போட, ஃபுல்குரூக் தலையால் முட்டினார். சாப்பாட்டுப் பந்தியில் பாயசம் குடித்த பிறகு இலையில் சோறு விழுந்த கணக்கு. சத்தம் முந்தி வருவது பிடிக்கவில்லை என்றால் ஜன்னலைச் சாத்துங்கள், இல்லையென்றால் கீழே முற்றத்துக்கு இறங்கிவிடுங்கள். இரண்டாவதுதான் நல்லது.

முற்றத்தில் கிரில்

பழைய அடுக்குமாடிகளுக்குப் பின்னால் பொது முற்றம் இருக்கும். போட்டிக் காலத்தில் யாராவது ஒருவர் டிவியை ஜன்னல் பக்கம் திருப்பி வைப்பார், இல்லை ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிப் புரொஜக்டர் போடுவார். மடக்கு மேசை, மடக்கு பெஞ்ச், ஓரத்தில் கரி அடுப்பு. படிக்கட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும்: இத்தனை மணிக்கு, எல்லோரும் வரலாம், ஆளுக்கு ஏதாவது கொண்டு வரவும். இது வெறும் மரியாதைக்கு ஒட்டியது என்று நினைத்து ஒதுங்கிவிடாதீர்கள். ஜெர்மானியர் மரியாதைக்காக அழைப்பதில்லை. வரலாம் என்று எழுதினால் வரலாம்.

என்ன கொண்டு போவது? கடையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் வேண்டாம். பள்ளிபாளையம் சிக்கன் செய்யுங்கள். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல் போட்டுச் சுண்ட வறுத்த அந்த வாசம் அடுப்புப் பக்கம் போனாலே பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். சின்ன வெங்காயம் ஆசியக் கடையில் கிடைக்கும், இல்லாவிட்டால் ஷாலட் என்று விற்பதை வாங்கலாம். மிளகாயின் விதையைத் தட்டிவிட்டு, எண்ணிக்கையை வீட்டில் போடுவதில் மூன்றில் ஒன்றாக்குங்கள். அந்த அளவுக்கே சிலருக்குக் கண் கலங்கும். சைவம் என்றால் பனீர், குடைமிளகாய், சோளம். சோளக் கதிரில் எலுமிச்சை, உப்பு, மிளகாய்த்தூள் தேய்த்துக் கொடுங்கள், மறுநாளும் கேட்பார்கள்.

அடுப்பில் வேகும் வெள்ளை, பழுப்பு சாசேஜ்கள் பெரும்பாலும் பன்றி இறைச்சி, சிலதில் மாட்டிறைச்சியும் சேரும். வேண்டாம் என்றால் எடுக்குமுன் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். சைவம் தனியாக வேக வேண்டும் என்றால் அலுமினியத் தட்டு ஒன்றை நீங்களே எடுத்துப் போங்கள். குடிக்காதவர்கள் சங்கடப்பட வேண்டியதே இல்லை. ஆல்கஹால் இல்லாத பீர் எல்லா இடத்திலும் உண்டு, ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த பானமும் உண்டு. எதைக் குடித்தாலும் கிளாசை மோதும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்க வேண்டும், அது அங்கே மரியாதை. காலி பாட்டிலை எறியாதீர்கள். சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட், கேனுக்கும் பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் 25 சென்ட் திரும்ப வரும்.

சத்தத்துக்கு வருவோம். இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். பெரிய பொதுத் திரைகளுக்கு 2024இல் மத்திய அரசு தனியாக விதிவிலக்குக் கொடுத்தது. உங்கள் வீட்டு வரவேற்பறைக்கு அது பொருந்தாது. கோலுக்கு ஒரு கத்தலை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆட்டம் முடிந்து பன்னிரண்டு மணிக்குமேல் பாட்டுப் போட்டு ஆடினால் போலீஸ் கதவைத் தட்டும். நீங்கள் நண்பர்களைக் கூப்பிடுவதாக இருந்தால் நீங்களும் படிக்கட்டில் ஒரு காகிதம் ஒட்டுங்கள், உங்கள் எண்ணையும் எழுதுங்கள். பால்கனியில் கரி அடுப்பு மூட்டலாமா என்பதை வாடகை ஒப்பந்தத்தில் பாருங்கள். பல வீடுகளில் கூடாது. கொடி கட்டலாம், சுவரில் ஆணி அடிக்காமல்.

அலுவலகமும் அந்தப் பந்தயமும்

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு அலுவலகத்தில் ஒரு மின்னஞ்சல் வரும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முடிவைக் கணித்து எழுத வேண்டும், ஆளுக்கு ஐந்தோ பத்தோ யூரோ, கடைசியில் முதல் இடம் பிடித்தவருக்குப் பாதி. பெரும்பாலும் வெற்றி யாருக்கு என்பது சரியென்றால் 2 புள்ளி, கோல் வித்தியாசமும் சரியென்றால் 3, முடிவு அப்படியே சரியென்றால் 4. கட்டாயம் சேருங்கள். கால்பந்து தெரியாது என்பது தடையே இல்லை. எல்லா ஆட்டத்துக்கும் பெரிய அணி 2, சின்ன அணி 1 என்று போட்டாலே நடுவில் நிற்பீர்கள். கணக்குத் துறையில் இருக்கும் அம்மையார், வாழ்நாளில் ஒரு ஆட்டமும் பார்க்காதவர், முதலிடத்தில் இருப்பார், அதுவும் எல்லா அலுவலகத்திலும் நடக்கும். காபி மெஷின் பக்கத்தில் பேச ஒரு மாதத்துக்கு உங்களுக்கு விஷயம் கிடைத்துவிட்டது, அதுதான் லாபம். இதோடு நிறுத்துங்கள். கைபேசி ஆப்பில் பந்தயம் கட்டும் பழக்கத்துக்குப் போகாதீர்கள். ரம்மியில் சம்பளத்தை விட்டவர்களை நம் ஊரிலேயே பார்த்தாயிற்று.

ஆட்டம் இருக்கிறது என்பதற்காக லீவு கேட்கும் உரிமை யாருக்கும் கிடையாது. ஆனால் முன்கூட்டியே கேட்டால் ஷிப்ட் மாற்றிக்கொள்ளவும் சீக்கிரம் வந்து சீக்கிரம் போகவும் விடுவார்கள். உடம்பு சரியில்லை என்று பொய்ச் சீட்டு வாங்கிவிட்டுப் பொதுத் திரை முன்னால் ஆடும் படத்தை ஸ்டேட்டஸில் போட்டால் வேலையே போகும்.

நாட்டை விட்டுப் போகாமல் கோவையில் உட்கார்ந்து ஜெர்மன் வாடிக்கையாளருக்கு மென்பொருளோ பம்போ வார்ப்படமோ செய்து கொடுப்பவர்களுக்கும், திருப்பூரில் பையருக்குப் பதில் எழுதும் மெர்ச்சண்டைசர்களுக்கும் இதே அட்டவணை உதவும். ஜெர்மனி மாலை 6 மணிக்கு ஆடும் நாளில் நம் நேரம் இரவு 9 மணிக்கு மீட்டிங் வைக்காதீர்கள். அன்று மதியத்துக்குமேல் அனுப்பிய சாம்பிள் ஒப்புதல் மெயிலுக்கு மறுநாள்தான் பதில் வரும். ரசிகர்களுக்கான டி-ஷர்ட் ஆர்டர் எடுப்பவர்களுக்குத் தெரியும், இந்தச் சரக்கு போட்டிக்கு முன்பு கடைக்குப் போனால்தான் காசு. அணி வெளியேறிய மறுநாளிலிருந்து அது கழிவு விலைச் சரக்கு. 2024இல் செங்கடல் பிரச்சினையால் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய் இரண்டு வாரம்வரை கூடுதலாக எடுத்தன. அந்த வருஷம் முன்கூட்டியே ஏற்றியவர் தப்பித்தார்.

சட்டை, எண், சைகை

திருப்பூர்க்காரருக்குச் சட்டை விலை சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அசல் ஜெர்சி விலையைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். சின்னம் இல்லாத வெள்ளைப் பருத்திப் பனியன் இரண்டு, ஒரு கருப்பு, ஒரு சிவப்பு ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், எந்த அணிக் கூட்டத்திலும் கலந்துவிடலாம்.

சட்டையில் பெயரும் எண்ணும் அச்சடிப்பவர்கள் கவனிக்கவும். 18, 88 ஆகிய எண்கள் அங்கே நாஜி ஆதரவாளர்களின் சங்கேதம். அண்ணன் பிறந்த வருஷம் 88 என்று ஆசையாக அடித்துக்கொண்டு வீதியில் போனால் பார்ப்பவர் வேறு விதமாகப் பார்ப்பார். 2024 ஜெர்மனிச் சட்டையில் 44 என்ற எண்ணின் எழுத்து வடிவம் ஹிட்லரின் எஸ்எஸ் படையின் சின்னம்போல இருக்கிறது என்று பேச்சு வந்து, தயாரிப்பாளரே அந்த எண்ணை விற்பதை நிறுத்தினார். வலக்கையை நேராக நீட்டி உயர்த்துவது குற்றம், கூட்டத்தில் விளையாட்டுக்கும் செய்யக்கூடாது. நம் வீட்டில் வாசலிலும் கல்யாணப் பத்திரிகையிலும் போடும் ஸ்வஸ்திகம் சாவிக்கொத்தில், கைபேசி உறையில், பனியனில் இருந்தால் போட்டிக் கூட்டத்துக்கு அதை எடுத்துப் போகாதீர்கள். நமக்கு அது மங்களம், அந்த மண்ணில் அதற்கு வேறு கதை. கேட்பவருக்கு நெரிசலில் நின்று விளக்க முடியாது.

பக்கத்தில் நிற்பவர் விரலால் காட்டும் சைகையையும் அர்த்தம் தெரியாமல் திருப்பிக் காட்டாதீர்கள். துருக்கி வீரர் மெரிஹ் டெமிரால் ஆஸ்திரியாவுக்கு எதிராக கோல் போட்டுவிட்டு, துருக்கித் தீவிர தேசியவாதிகளின் அடையாளமான ஓநாய்ச் சைகை காட்டியதற்கு இரண்டு ஆட்டம் தடை வாங்கினார். ஜெர்மனியில் துருக்கி வம்சாவளியினர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள், துருக்கி ஜெயித்த இரவில் வீதி ஜெர்மனி ஜெயித்த இரவுக்குக் குறையாது. சேர்ந்து கைதட்டலாம், அதோடு நின்றுகொள்ளுங்கள்.

பொதுத் திரைத் திடல்

பெரிய ஊர்களில் திடலில் திரை கட்டி இலவசமாக விடுவார்கள். 2024இல் பெர்லினில் பிராண்டன்பர்க் வாயில் முன்பு சாலை முழுக்கச் செயற்கைப் புல் விரித்து, வாயிலுக்கே கோல் கம்பம்போலச் சட்டம் வைத்திருந்தார்கள். ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். ஏ4 காகித அளவுக்கு மேல் பை கூடாது என்று சொல்வார்கள், கண்ணாடி பாட்டில் கூடாது, பெரிய குடை கூடாது. மழைக்கோட்டு எடுத்துப் போங்கள், ஜூன் மாதத்து இடிமழை சொல்லாமல் வரும். டோர்ட்முண்டில் ஜெர்மனி, டென்மார்க் ஆட்டத்தையே இடி மின்னலால் அரை மணிக்குச் சற்றுக் குறைவாக நிறுத்தி வைத்தார்கள். பானம் வாங்கும் கப்புக்கு முன்பணம் கட்டியிருப்பீர்கள், திருப்பிக் கொடுத்து வாங்குங்கள்.

அரங்கத்து டிக்கெட் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் குலுக்கலில்தான் கிடைக்கும். 2024இல் குறைந்த விலை 30 யூரோ. வாட்ஸப் குழுவில் நம் ஊர்க்காரர் ஒருவர் மூன்று மடங்கு விலை சொன்னால், அவர் எத்தனை பங்காளியாக இருந்தாலும் பணம் அனுப்பாதீர்கள்.

யார் கேட்டாலும் வரும் கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவு பெரிய நாடு, உங்களுக்குக் கால்பந்து இல்லையா?" சிரித்து மழுப்ப வேண்டாம். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கம், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1950 உலகக் கோப்பைக்கு இடம் கிடைத்தும் போகவில்லை. கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி அணி 2018–19 ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்துத் தொடரை வென்றது, பட்டத்தை உறுதி செய்த ஆட்டமும் கோவையில்தான். இவ்வளவு தெரிந்தால் அரை மணி பேசலாம்.

சரக்கு விற்கும் யோசனையும் பகுதி நேர வேலையும்

நம் ஆட்களுக்கு உடனே கணக்கு ஓடும்: ஊரில் நூற்றைம்பது ரூபாய்ப் பனியன், அங்கே பதினைந்து யூரோ, ஒரு பெட்டி எடுத்துப் போனால் என்ன? எடுக்காதீர்கள். விமானத்தில் வருபவருக்குச் சொந்த உபயோகத்துக்கு 430 யூரோ மதிப்புவரைதான் வரி கிடையாது. விற்கக் கொண்டு வந்தால் முதல் பனியனிலிருந்தே அது வணிகச் சரக்கு. அணிச் சின்னம் போட்ட போலி என்றால் பறிமுதல். அதற்கும் மேல், மாணவர் விசாவில் அனுமதி வாங்காமல் சொந்த வியாபாரம் செய்யக்கூடாது.

வேலை செய்யலாம். மாணவர்களுக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள், குறைந்தபட்சக் கூலி 2026இல் மணிக்கு 13.90 யூரோ. போட்டிக் காலத்தில் திடல்களிலும் உணவுக் கடைகளிலும் ஆள் தேடுவார்கள். உணவைத் தொடும் வேலைக்குச் சுகாதாரத் துறை நடத்தும் சிறு வகுப்பை முடித்த சான்று வேண்டும். மே மாதத்திலேயே வாங்கி வைத்தவருக்கு வேலை முதலில் கிடைக்கும்.

இரவில் திரும்பும்போது

பெரும்பாலான இரவுகள் கூச்சலோடு முடிந்துவிடும். சில இரவுகளில், அதுவும் தோற்ற இரவுகளில், குடித்த கும்பல் ரயிலில் நிறத்தைப் பார்த்து வம்புக்கு வரும். இல்லை என்று சொல்லி அனுப்பினால் அது நேர்மையாகாது. பதில் பேசாமல் அடுத்த பெட்டிக்கு மாறுங்கள், பஸ்ஸில் ஓட்டுநர் பக்கம் நில்லுங்கள், கடைசி ரயிலுக்காகக் காத்திராமல் ஒன்றிரண்டு ரயில் முந்தியதில் கூட்டாகத் திரும்புங்கள். போலீஸ் 110, ஆம்புலன்ஸ் மற்றும் தீயணைப்பு 112. நடந்ததை எழுதி வைத்துப் புகார் கொடுங்கள், பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு மாணவர் அலுவலகமும் உதவும்.

குடித்துவிட்டு மின் ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். அதற்குக் காருக்கு உள்ள அதே மது வரம்புதான், 21 வயதுக்குக் கீழென்றால் ஒரு சொட்டும் கூடாது. வீட்டுக்குப் பக்கம்தானே என்று ஏறி, அபராதமும் கட்டி உரிமத்துக்கும் சிக்கல் வாங்கியவர்கள் உண்டு.

தோற்ற மறுநாள்

2024 ஜூலை 5, ஸ்டுட்கார்ட், ஸ்பெயினிடம் 2–1. கூடுதல் நேரத்தின் 119வது நிமிடத்தில் ஸ்பெயினின் மெரினோ போட்ட கோல். மறுநாள் கார்க் கொடிகள் காணோம், பேக்கரியில் யாரும் பேசவில்லை. இப்படி ஒரு நாளில் வேலைக்குப் போனால் கேலி செய்யாதீர்கள், ஆறுதலும் சொல்லாதீர்கள். ஸ்பெயின் வீரர் குக்குரேயா கையில் பட்ட பந்துக்குப் பெனால்டி கொடுக்காததைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேளுங்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத்தின் நடுவர் குழுவே பிறகு அது பெனால்டிதான் என்று ஒப்புக்கொண்டது. எத்தனை வருஷம் கழித்துக் கேட்டாலும் எந்த ஜெர்மானியரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசுவார்.

போட்டி முடிந்த வாரத்தில் சில்லறை வேலைகள் இருக்கும். முற்றத்து மடக்கு பெஞ்சை எடுத்து வைக்க ஒரு கை கொடுங்கள். அலுவலகப் பந்தயத்தில் ஜெயித்திருந்தால் மறுநாள் கேக் கொண்டு போக வேண்டும், அது எழுதாத விதி. கால்பந்துக்காக எடுத்த தொலைக்காட்சிச் சந்தாவை ரத்து செய்யுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் டாய்ச்லாண்ட் டிக்கெட்டையும் நிறுத்தலாம். பத்தாம் தேதிக்குள் ரத்து செய்தால்தான் அந்த மாதக் கடைசியோடு முடியும், பதினொன்றாம் தேதி செய்தால் அடுத்த மாதக் காசும் போகும்.